இளகிய மலையில் கால் வைப்பது

பனி உருகும் பருவத்தில் மலைத்தடம் உறுதியான நிலம் அல்ல. வெயில் பட்ட மேல்மண் இளகிவிடும். அதற்கடியில் மண் இன்னும் உறைந்தே கிடக்கும். உருகிய நீருக்குக் கீழிறங்க வழி இராது. அது மேல்மண்ணிலேயே தேங்கித் தடம் முழுவதையும் ஊறவைத்துவிடும். கோடையில் பெருங்கூட்டத்தைத் தாங்கும் அதே பாதை, இந்தச் சில வாரங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் பாதங்களுக்கே குழைந்துபோகும். மொன்றியலுக்கு வடக்கே லொரன்சியன் மலைகளில் இந்த நிலை ஏப்ரலில் தொடங்கி மே நடுப்பகுதி வரை நீடிக்கிறது. கியூபெக் மாகாணப் பூங்காக்களை நடத்தும் செபாக் நிறுவனம் அக்காலத்தில் மோன்-திராம்பிளான் போன்ற பூங்காக்களில் பல தடங்களை மூடிவிடுகிறது. எல்லைக்குத் தெற்கே, அடிரொண்டாக் மலைகளில் 2,500 அடிக்கு மேலுள்ள தடங்களைத் தவிர்க்கும்படி நியூயோர்க் மாநிலம் கேட்டுக்கொள்கிறது. வெர்மொண்ட்டிலோ உயர்ந்த தடங்களில் மே மாதக் கடைசி வரை நடப்பதில்லை என்பது மலைநடையர்களிடையே ஊறிப்போன வழக்கம்.

இவை அனைத்தும் சூழல் காப்பு விதிகளாகவே எழுதப்பட்டவை. சமயம் அவற்றில் எங்கும் பேசப்படுவதில்லை. ஆயினும் மலையைத் தெய்வமாகவோ தெய்வத்தின் இருப்பிடமாகவோ கருதும் ஒருவருக்கு அவை ஒரு பழைய கேள்வியைப் புதிதாக எழுப்புகின்றன. மலையை நாடிப் போவது பக்தி என்றால், மலை இளகியிருக்கும் காலத்தில் போகாமல் இருப்பது என்ன? பக்தியில் நேரும் தடையா, பக்தியின் ஒரு பகுதியா?

இந்தக் கேள்வி மொன்றியலின் வில்லரே பகுதியில் எழுவதற்குக் காரணம் உண்டு. வில்லரேயிலும் அதையொட்டிய பார்க்-எக்ஸ்டென்ஷனிலும் 1983க்குப் பின் வந்து சேர்ந்த ஈழத்தமிழர்கள் பலர் குடியேறினார்கள். ஜாரி பூங்காவுக்கு அருகே ஜான்-தலோன் வீதியில் துர்க்கை அம்மன் கோயில் இருக்கிறது. தெற்கே, நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் 233 மீட்டர் உயர மோன்-ரொயால். வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டரில் வால்-மொரான் என்ற சிற்றூர். சுவாமி விஷ்ணுதேவானந்தா 1960களின் தொடக்கத்தில் நிறுவிய சிவானந்த ஆசிரமம் அங்கேதான் உள்ளது. அதன் மேட்டில் சுப்பிரமணியருக்கும் ஐயப்பனுக்கும் கோயில் உண்டு. கோடையில் மொன்றியல் தமிழர்கள் அங்கே காவடியோடு ஏறுகிறார்கள். யாழ்ப்பாணத்து மண் தட்டையானது. அங்கிருந்து வந்தவருக்கு மலை என்பது பொழுதுபோக்கு நடைக்கான இடமாக ஒருபோதும் இருந்ததில்லை. கதிர்காமம், சிவனொளிபாதம் என்று மலை எப்போதும் யாத்திரையின் முடிவிடமாகவே இருந்தது. ஆகவே கனடாவில் கிடைக்கும் மலையும் அவர்களில் பலருக்கு அந்தக் கண்ணோட்டத்திலேயே தென்படுவதில் வியப்பில்லை.

சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. முருகனுக்கு உகந்த பங்குனி உத்திரமும் சித்திரைப் புத்தாண்டும் சரியாகப் பனி உருகும் வாரங்களில்தான் வருகின்றன. அதே நாட்களில் பழனிக்குக் காவடி தூக்கி நடப்பவர் காய்ந்து சூடேறிய பாதையில் நடப்பார். லொரன்சியனில் அதே மலையேற்றம் சேற்றிலும் பனிக்குழைவிலும் நடக்க வேண்டியிருக்கும். வால்-மொரானின் காவடி கோடையில், கதிர்காமத்தின் ஆடி விழாக் காலத்தை ஒட்டி வருவதால் விழாவுக்கு இந்த இடர் இல்லை. தனியாகவோ குடும்பமாகவோ, வேண்டுதலுக்காகவோ சும்மாவோ மலைக்குப் போகிறவர்களுக்குத்தான் கேள்வி எஞ்சுகிறது.

தடம் எப்படிக் கெடுகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அறக்கேள்வி அந்த விவரத்தில்தான் இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் நடந்து நடந்து இறுகிய பனி, சுற்றியுள்ள பனியெல்லாம் கரைந்த பிறகும் தடத்தின் நடுவே ஒரு வரப்பைப் போல நீண்டு நிற்கும். அதிகாலையில் அது உறைந்து வழுக்கும். கால் ஊன்றலாம், ஆனால் விழலாம். நடுப்பகலுக்குப் பின் இளகும். ஊன்றிய கால் திடீரெனத் தொடை வரை உள்ளே போகும். ஓடைகள் காலையில் தாண்டக்கூடியவையாக இருந்து, பகல் முழுதும் உருகிய நீர் சேர்ந்து மாலையில் பெருகும். காலையில் தாண்டிப் போனவர் திரும்பும்போது அதே இடத்தில் தாண்ட முடியாமல் நிற்பது இதனால்தான். இவையெல்லாம் நடப்பவருக்கு வரும் துன்பங்கள். வழுக்குபவரும் நனைபவரும் அவரே. அவர் தெரிந்தே ஏற்றுக்கொண்டால் அதில் அறக்குறை பெரிதாக இல்லை.

மண்ணின் கதை வேறு. நீரில் ஊறிய மண்ணைப் பாதம் அழுத்தும்போது அதிலுள்ள நுண்ணிய காற்றிடைவெளிகள் நசுங்கிப் போகின்றன. வேர்களுக்கும் மண்ணுயிர்களுக்கும் மூச்சு விட இருந்த இடம் அது. பதிந்த தடம் குழியாகிறது. குழியில் நீர் நிற்கிறது. சரிவில் குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வாய்க்காலாகின்றன. அடுத்த மழை அந்த வாய்க்கால் வழியே மண்ணை இறக்கிக்கொண்டு போகிறது. சேற்றைக் கண்டவர் இயல்பாக ஓரம் ஒதுங்குவார். அந்த ஒதுங்கலே பெரிய கேடு. ஒருவர் பின் ஒருவராக ஒதுங்க ஒதுங்க, ஓரடித் தடம் வண்டிப்பாதையாக அகலும். ஓரத்தில் இருப்பவையோ அந்தப் பருவத்துக்கே உரிய செடிகள். மேப்பிள் மரங்கள் இலைவிடுவதற்கு முன் தரைக்கு வெயில் கிடைக்கும் சில வாரங்களில் முளைத்து, பூத்து, ஓராண்டுக்கான உணவைச் சேர்த்துக்கொண்டு மறைந்துவிடும் செடிகள் அவை. வெள்ளை டிரில்லியம் அவற்றில் ஒன்று, மோன்-ரொயாலிலும் உண்டு. விதையிலிருந்து முதல் பூவுக்கு அது ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். அதன் இலைகள் மிதிபட்டால் அந்த ஆண்டின் சேமிப்பு போயிற்று.

இன்னும் வடகிழக்கே, காஸ்பே தீபகற்பத்தில், ஜாக்-கார்த்தியே மலையின் உச்சித் தடத்தை ஜூன் 24 வரை திறப்பதே இல்லை. அங்கே எஞ்சியிருக்கும் சிறு கரிபூ மான்கூட்டம் கன்று ஈன்று தேறும் காலம் அது. மே மாத வெயிலில் அந்த மலை நடப்பதற்கு ஏற்றதாகவே தோன்றலாம். மண் காய்ந்ததா என்பது அங்கே அளவுகோல் அல்ல. அங்கே குடியிருப்பவருக்கு இடைஞ்சலா என்பதே அளவுகோல்.

நடப்பவர் விரும்பாமலே நடை பிற உயிருக்குத் தீங்காகும் பருவம் ஒன்று உண்டு என்பதைச் சூழலியல் கண்டுபிடிக்கவில்லை. அதைக் கண்டவர்கள் இந்தியத் துறவிகள். நடையையே வாழ்வாகக் கொண்டவர்கள் அவர்கள். ஊர்விட்டு ஊர் போவது அவர்களுடைய விரதம். பௌத்த வினய நூல்களில் மழைக்காலத் தங்கலுக்கு ஒரு தோற்றக்கதை சொல்லப்படுகிறது. புத்தரின் பிக்குகள் மழைக்காலத்திலும் ஓயாமல் நடந்துகொண்டிருந்தார்கள். பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதித்துக் கொல்கிறார்களே என்று மக்கள் குறை சொன்னார்கள். பிற சமயத் துறவிகளும் அந்தக் காலத்தில் ஓரிடத்தில் தங்குகிறார்கள், பறவைகளும் கூடு கட்டித் தங்குகின்றன, இவர்கள் மட்டும் ஏன் அலைகிறார்கள் என்று கேட்டார்கள். அதன் பிறகே மூன்று மாதத் தங்கல் விதியாயிற்று. இந்த விதியை வேண்டிய குரல் மடத்திலிருந்து வரவில்லை. ஊர் மக்களிடமிருந்து வந்தது. மண்ணின் நிலையை அறிந்தவர் அவர்களே.

சமணத் துறவிகளின் சாதுர்மாசியம் இதைவிடக் கடுமையானது, நான்கு மாதம். மற்ற மாதங்களிலும் அவர்கள் சில முழத் தொலைவுக்குத் தரையைப் பார்த்தபடியே நடக்க வேண்டும். மதுரையைச் சுற்றிய குன்றுகளில் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளோடு காணப்படும் கற்படுக்கைகள், நடப்பவர்கள் தங்கவும் அறிந்திருந்தார்கள் என்பதற்குத் தமிழ்நாட்டுச் சான்று. சைவ, வைணவ மடாதிபதிகள் பலர் இன்றும் சாதுர்மாசிய விரதம் இருக்கிறார்கள். ஈழத்தில் சிவனொளிபாத யாத்திரையின் பருவம் மார்கழி முழுநிலவை ஒட்டித் தொடங்கி வைகாசி முழுநிலவோடு முடிகிறது. அதன் பிறகு தென்மேற்குப் பருவமழை. ஆக, மலைக்கு ஒரு திறப்பும் ஒரு மூடலும் உண்டு என்பது தமிழ் யாத்திரிகருக்குப் புதிய செய்தி அல்ல. மழைக்குப் பதிலாகப் பனி என்பதே லொரன்சியனில் உள்ள வேறுபாடு.

மிதிப்பது பாவமா என்ற கேள்வியில் பௌத்தமும் சமணமும் நேருக்கு நேர் மோதிய இடமும் ஒன்று உண்டு. அந்த மோதலுக்கு எடுத்துக்காட்டாக வந்ததே நடைதான். மச்சிம நிகாயத்தின் உபாலி சுத்தத்தில், சமண ஆசிரியர் நிகண்டரின் சீடரான உபாலி என்ற செல்வர் புத்தரோடு வாதிட வருகிறார். எண்ணத்தால் செய்யும் வினையைவிட உடலால் செய்யும் வினையே கொடியது என்பது அவர் தரப்பு. புத்தர் கேட்கிறார்: எல்லாக் கட்டுப்பாட்டோடும் வாழும் ஒரு நிகண்டத் துறவி போகையிலும் வருகையிலும் சிற்றுயிர்கள் பலவற்றை மிதித்துவிடுகிறாரே, அதற்கு என்ன பயன் விளையும்? கருதாமல் செய்ததால் அது பெருங்குற்றம் ஆகாது என்று உபாலி விடை சொல்கிறார். சொன்ன கணமே தம் தரப்பைத் தாமே விட்டுக்கொடுத்தவராகிறார்.

இந்த வாதத்தில் புத்தர் வென்றதாகவே சுத்தம் காட்டுகிறது. அதை வைத்து, கெடுக்கும் எண்ணம் இல்லாத மலைநடையர்க்குக் குற்றம் இல்லை என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் எண்ணமே வினை என்று சொன்ன அதே ஆசிரியர்தான் கால்களுக்கு மூன்று மாதத் தடையும் விதித்தார். பாவக் கணக்கு மட்டுமே பொருளாக இருந்திருந்தால் அந்தத் தடைக்குத் தேவையே இல்லை. சமணம் வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது கவனமின்மையை அதன் வேராக வைக்கிறது. கருதிச் செய்யாதது என்பதால் மட்டும் ஒரு செயல் குற்றமற்றதாகிவிடாது. கவனித்திருக்கக் கூடியதைக் கவனியாமல் விட்டதே குற்றம். தடத்தின் வாயிலில் மூடல் அறிவிப்பைக் கண்ட பிறகும் நடப்பவரின் நிலையை இந்த வரையறை சரியாகப் பிடிக்கிறது. அவர் தீங்கு நினைக்கவில்லை. அறியாமலும் இல்லை.

பக்தி மரபுக்கு வந்தால் வழக்கு சிக்கலாகிறது. துறவிகளின் அறம் பிற உயிர்களைப் பற்றிக் கவலைப்பட்டது. பக்தரின் அறம் இறைவனை நோக்கி எப்பாடுபட்டேனும் போய்ச் சேர்வதைப் போற்றியது. வெறுங்கால், அலகு, காவடி, அங்கப்பிரதட்சணம் எல்லாம் இந்த வழியில் வந்தவை. பாதை கடினமாக இருப்பது இங்கே திரும்பிப் போவதற்குக் காரணம் ஆகாது, அதுவே காணிக்கை. பனியும் சேறும் இருந்தால் புண்ணியம் கூடும் என்று ஒரு பக்தர் நினைத்தால், மரபிலிருந்து அவருக்கு எதிராகச் சொல்ல என்ன இருக்கிறது?

சேக்கிழாரின் பெரியபுராணமே அதற்கு இரண்டு விடைகளை வைத்திருக்கிறது. காரைக்கால் அம்மையார் கயிலையை அடைந்தபோது அந்த மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறினார். பிற்பாடு திருவாலங்காட்டுக்கு வந்த சம்பந்தர், அம்மையார் தலையால் நடந்த ஊரைத் தாம் காலால் மிதிக்கலாகாது என்று ஊருக்கு வெளியே தங்கிவிட்டார். திருவேங்கட மலையை இராமானுசர் முழங்காலால் ஏறினார் என்பது வைணவர் வழங்கும் மரபு. அங்கே ஓர் ஏற்றம் இன்றும் முழங்காலின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. மூன்றிலும் உடலை வருத்துவது முதன்மை நோக்கம் அல்ல. புனித நிலத்தின்மேல் பாதம் படக்கூடாது என்பதே நோக்கம். வருத்தம் அதற்குக் கொடுத்த விலை. இமயமலையில் வேறொரு மொழியில் இதே கூச்சம் தென்பட்டதுண்டு. 1955 மே 25 அன்று கஞ்சன்ஜங்காவை ஏறிய ஜார்ஜ் பாண்டும் ஜோ பிரவுனும், சிக்கிம் அரசருக்குக் கொடுத்த வாக்கின்படி உச்சிக்குச் சில அடிகள் கீழேயே நின்றுவிட்டார்கள்.

இரண்டாவது விடை அப்பருடையது. கயிலையைக் காணப் புறப்பட்டவருக்குப் பாதம் தேய்ந்தது, கைகளால் ஊர்ந்தார், கைகளும் தேய மார்பால் உந்தினார், பிறகு புரண்டார். முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்பிப் போகச் சொன்னபோது மறுத்தார். அதன் பிறகுதான் ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழும்படி பணிக்கப்பட்டார்; கயிலைக் காட்சி அங்கே கிடைத்தது. ஆடி அமாவாசையன்று திருவையாறு இன்றும் அதை விழாவாகக் கொண்டாடுகிறது. இக்கதையைப் பக்தியின் விடாப்பிடிக்குச் சான்றாகவே பெரும்பாலும் சொல்வார்கள். அதன் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: அப்பர் மலையை அடையவில்லை, பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டார், புராணம் அதைத் தோல்வியாக எண்ணவில்லை.

இந்தக் கதைகள் அனைத்திலும் பொதுவாக ஒன்று உண்டு. தேய்ந்தது பக்தரின் உடல், மலை தேயவில்லை. நேர்த்திக்கடன் என்பதன் கணக்கே அதுதான்: கொடுப்பவர் தம்முடையதைக் கொடுக்க வேண்டும். இளகிய தடத்தில் வெறுங்காலோடு ஏறும் ஒருவர் தம் பாதத்தின் நோவைக் கொடுக்கிறார், உண்மை. ஆனால் கூடவே தமக்குச் சொந்தமில்லாத மண்ணையும் டிரில்லியத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். பிறர் தோட்டத்துப் பூவைப் பறித்து அருச்சனை செய்வது பூசை விதிகளில் குற்றம்.

தமிழ்நாட்டு மலைக்கோயில்களின் படிக்கட்டுகளை இந்த நோக்கில் பார்த்தால் அவற்றின் இன்னொரு பயன் புலப்படும். பழனியின் 693 படிகளில் எத்தனை பேர் உருண்டாலும், முழங்காலிட்டாலும், காவடியோடு ஆடினாலும் மலை கரைவதில்லை, கல் தாங்கிக்கொள்கிறது. மோன்-ரொயாலின் சரிவிலேயே இதற்கு இணையான ஒன்று இருக்கிறது. அருட்சகோதரர் ஆந்திரே 1904இல் ஒரு சிற்றாலயமாகத் தொடங்கிய புனித சூசையப்பர் பேராலயத்துக்கு ஏறும் 283 படிகளில் 99 மரப்படிகள், முழங்காலால் ஏறும் வேண்டுதல்காரர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. மொன்றியலின் தமிழ்க் கத்தோலிக்கர் மட்டுமல்ல, இந்துக்களும் அங்கே போகிறார்கள். மரம் தேய்ந்தால் மாற்றலாம். உடல் வருத்தத்தைக் காணிக்கையாக்க விரும்புபவருக்கு ஏப்ரலில் அந்நகரத்தில் இதைவிடப் பொருத்தமான மலையேற்றம் இல்லை என்றே சொல்லலாம். வேற்றுச் சமயத்தின் படிகள் என்ற தயக்கம் மொன்றியல் தமிழர்களிடம் அவ்வளவாக இருந்ததில்லை. மடுமாதாவையும் அந்தோனியாரையும் இந்துக்கள் வணங்கும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள்.

திறந்திருக்கும் தாழ்ந்த தடங்களிலும் சேறு இருக்கும். அங்கே மலைநடையர்களிடம் உள்ள விதி, சேற்றைச் சுற்றாமல் நடுவிலேயே நடந்துபோக வேண்டும் என்பது. புதிதாக வருபவருக்கு இது தலைகீழாகத் தோன்றும்; காலணி நனையாமல் ஓரமாகப் போவதுதானே நாகரிகம்? ஆனால் நடுவில் நடந்தால் கெடுவது ஏற்கெனவே கெட்ட இடமும் நடப்பவரின் காலுறையும் மட்டுமே. ஓரம் போனால் காலுறை தப்பும், செடி அழியும். தடத்தைக் காப்பவர்கள் வகுத்த இந்தச் சிறு விதி, நேர்த்திக்கடனின் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. அசௌகரியத்தை யார் சுமப்பது என்பதே இரண்டிலும் கேள்வி.

போகாமல் இருப்பதை இழப்பாக நினைப்பவருக்கு மரபில் வேறு சான்றுகளும் உண்டு. 3,583 மீட்டர் உயரத்தில் உள்ள கேதார்நாத் கோயில் பனிக்காலம் முழுவதும் அடைக்கப்படுகிறது; உற்சவமூர்த்தி கீழே உகிமடத்துக்கு இறங்கி வந்து அங்கே பூசை பெறுகிறார். ஆண்டில் ஏறத்தாழப் பாதி, மலையில் தரிசனம் இல்லை. தெய்வமே இடம் மாறி அடியார்க்கு அருகில் வருகிறது. காஞ்சி ஏகாம்பரநாதர் மண்ணாலான இலிங்கம். நீர் பட்டால் கரையும் என்பதால் அதற்கு நீரால் அபிடேகம் செய்வதில்லை. ஆற்று வெள்ளம் வந்தபோது மணல் இலிங்கம் கரையாதிருக்க அம்மை அதைத் தழுவிக் காத்தாள் என்பது தலவரலாறு. சைவ வழிபாட்டில் அபிடேகத்தைவிட இயல்பான செயல் வேறில்லை. ஆனாலும் மண்ணும் நீரும் சேரும் இடத்தில் அந்தச் செயலையே நிறுத்திவைக்க ஆகமத்தாருக்குத் தெரிந்திருந்தது. பூசையின் வடிவத்தைத் தீர்மானிப்பது பக்தரின் ஆர்வம் மட்டுமன்று, வழிபடப்படும் பொருளின் இயல்பும்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

இதற்கு எதிராக எழும் வாதங்களில் இரண்டு பொருட்படுத்தத்தக்கவை. முதலாவது, ஒருவரின் பாதத்தால் என்ன ஆகிவிடும் என்பது. தனி ஒரு தடம் மலையை அழிப்பதில்லை என்பது உண்மைதான். எவருடைய தடம் கேட்டைத் தொடங்கியது என்று காட்டவும் முடியாது. ஆனால் பங்குனி உத்திரத்தன்று ஒருவருக்குத் தோன்றும் எண்ணம் அதே காரணங்களால் பலருக்கும் தோன்றும். விழா என்பதே பலரும் ஒரே நாளில் ஒரே எண்ணம் கொள்வது. கூட்டமாக வழிபடும் மரபில் வந்தவர், தீங்கு வரும்போது மட்டும் தம்மைத் தனியராக எண்ணிக்கொள்வது பொருந்தாது.

இரண்டாவது வாதம் கனமானது. வில்லரேயின் அடுக்ககங்களில் வாழ்பவர் பலருக்கு ஐந்து மாதக் குளிர் முழுவதும் கதவடைத்த வாழ்வு. இரவு வேலை, இரட்டை வேலை என்று இருப்பவர்களுக்கு வெயில் முகம் காட்டும் முதல் ஞாயிறு எளிதில் விட்டுவிடக் கூடியது அல்ல. கோடைக் குடில் வைத்திருப்பவருக்கு ஜூனிலும் மலை கிடைக்கும். கார் இல்லாதவருக்கு நண்பரின் காரில் ஓர் இடம் கிடைக்கும் நாளே மலைக்குரிய நாள். மூடல் விதி எல்லோருக்கும் ஒன்றே என்றாலும் அதன் சுமை ஒன்றல்ல. இதற்கு மரபுக்கதைகளில் விடை இல்லை. நகரத்தில்தான் பாதி விடை இருக்கிறது. மோன்-ரொயாலில் ஓல்ம்ஸ்டெட் வகுத்த பூங்கா 1876இல் திறக்கப்பட்டது. அவர் பெயரால் வழங்கும் அகன்ற சரளைப்பாதை பனி உருகும் காலத்திலும் கூட்டத்தைத் தாங்கும், பேருந்திலேயே போகலாம், கட்டணம் இல்லை. கிளைத்தடங்களை விட்டு அந்தப் பாதையில் மட்டும் நடந்தால் மலையும் கிடைக்கும், மண்ணும் பிழைக்கும். பூங்கா விதியும் குறித்த தடங்களை விட்டு விலகக்கூடாது என்றே சொல்கிறது.

மூடல் முழுமையானதாக இருக்க வேண்டுமா, விலக்குகள் உண்டா என்பதையும் மரபு எண்ணிப் பார்த்திருக்கிறது. மழைக்காலத் தங்கலில் இருக்கும் பிக்கு, நோயுற்ற துறவியைக் கவனிக்கவோ நோயுற்ற தாய் தந்தையைப் பார்க்கவோ ஏழு நாட்களுக்குள் திரும்புவதாக வெளியே போகலாம். வெள்ளம், தீ, கொடிய விலங்கு, கள்வர் அச்சம் இருந்தால் தங்கிய இடத்தையே விட்டுப் போகலாம். ஊர் பார்க்கும் ஆவல் அந்தப் பட்டியலில் இல்லை.

இதே பகுப்பு அண்மையில் திருவண்ணாமலையில் அரசின் முடிவாகவே நடைமுறைக்கு வந்தது. 2024 நவம்பர் இறுதியில் கரையைக் கடந்த பெஞ்சல் புயலின் மழையில் மலை ஊறி, டிசம்பர் 1 அன்று சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள். டிசம்பர் 13 அன்று கார்த்திகை தீபம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் தீபத்தன்று 2,500 பேர் வரை மலையேற அனுமதிக்கப்படுவது வழக்கம். அந்த ஆண்டு மண்ணியல் வல்லுநர்கள் மலையை ஆராய்ந்த பிறகு, பக்தர்கள் எவரும் ஏறக்கூடாது என்று முடிவாயிற்று. கொப்பரையையும் நெய்யையும் திரியையும் கொண்டுசெல்ல வேண்டியவர்களுக்கு மட்டும் அனுமதி. மலையே சிவன் என்று நம்பும் ஊரில், இளகிய மலைமேல் கால்வைக்க உரிமை பெற்றவர்கள் அங்கே ஒரு கடமை உடையவர்கள் மட்டுமே. பர்வதராஜ குலத்தார் வழக்கம்போல் உச்சியில் தீபம் ஏற்றினார்கள். கூட்டம் கீழே இருந்து பார்த்தது. கிரிவலம் தடையின்றி நடந்தது. லொரன்சியன் தடங்களிலும் மூடல் வாரங்களில் நடப்பவர்கள் உண்டு: விழுந்த மரங்களை அகற்றுபவர்கள், நீர் வடியக் கால் வெட்டுபவர்கள், காணாமற்போனவரைத் தேடுபவர்கள். மற்றவர்களுக்கு மே நடுப்பகுதியில், மண் காய்ந்த அளவைப் பொறுத்து, ஒவ்வொரு தடமாகத் திறக்கிறார்கள்.